கதவைத் திறந்து வைத்து ஒரு டேக்

திரையில் அந்தப் பெண் மறுபடியும் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். மறுபடியும் அவள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது, மறுபடியும் மழைக்கோட்டு போட்டவன் நுழைந்தான், அவள் திரும்பினாள், வாய் திறந்தது, சத்தம் இல்லை, படம் ஒரு துள்ளு துள்ளி மறுபடியும் வெங்காயத்துக்கே வந்து நின்றது. லூப் என்று இதற்குப் பெயர். குரல் கொடுக்க வந்தவர்கள் வாயசைவைப் பிடித்துக்கொள்ளும்வரை ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். மனோன்மணிக்கு ஒரு சுற்று போதும், நாற்பது வருஷத்துக்கு மேல் இதே பிழைப்பு, ஆனால் டைரக்டர் தம்பி வடபழனி சிக்னலில் நிற்கிறாராம், வருகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஃபெலிக்ஸ் போனைத் தடவிக்கொண்டிருக்கிறான். வெங்காயத்தை இப்படியா நறுக்குவாள் ஒருத்தி, கட்டைவிரலை வெளியே நீட்டிக்கொண்டு, கொலைகாரன் வராவிட்டாலும் இவளுக்கு இன்றைக்கு ரத்தம் நிச்சயம். அடுப்பில் என்ன வைத்திருக்கிறாள்? ஒன்றும் இல்லை. காலி அடுப்பு, காலி மேடை, ஒரு தாளிப்புக் கரண்டி கூடக் கிடையாது, சாகப்போகிறவள் என்ன சமைக்கிறாள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு டைரக்டராவது யோசித்திருப்பானா, ஒருத்தன் யோசித்ததில்லை. அன்றைக்கு மனோன்மணியின் அடுப்பில் புளிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. வேண்டாம், அதற்குள் போக வேண்டாம், தொண்டையைப் பார், தொண்டை எப்படி இருக்கிறது, அவள் மெதுவாக விழுங்கிப் பார்த்தாள். புருஷன் தணிகாசலம் போய்ச்சேர்ந்தபிறகு வந்த முதல் வேலை இது. அவர் போன நாளிலிருந்து அவள் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை, மீன்காரியிடம் கூடப் பேரம் பேசவில்லை, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தாள், மீன்காரியே பயந்துபோய் ஒரு சங்கரா கூடப் போட்டாள். இன்றைக்கு வாயைத் திறந்தால் அலறல் வருமா வராதா என்று போனில் கேட்டவர்களுக்குக் கவலை. வராமல் போனால் போகிறது, ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். வந்துவிட்டால்? அன்றைக்கு வந்த அதே அலறல் அப்படியே வந்துவிட்டால்? அவள் பயம் அது.

வெங்காயம். கதவு. மழைக்கோட்டு. மழைக்கோட்டெல்லாம் இவன்கள் கண்டுபிடித்ததாக நினைப்பு. எண்பதுகளில் மழைக்கோட்டு போட்ட கொலைகாரனுக்கு அவள் எத்தனை முறை செத்திருப்பாள், அதற்கு முன்னால் கறுப்புக் கையுறை, அதற்கும் முன்னால் சால்வை, மலை மேல் ஒரு பங்களா, ஒரு வேலைக்காரக் கிழவன், ஜன்னல் தானாக அடித்துக்கொள்ளும், வெள்ளைச் சேலை போகும், கடைசியில் பார்த்தால் எஸ்டேட் மேனேஜர். த்ரில்லர் என்ற வார்த்தையே அப்போது கிடையாது, மர்மப் படம் என்பார்கள், துப்பறியும் படம் என்பார்கள், சுவரொட்டியில் திகில் என்று எழுதி ஒவ்வொரு எழுத்தின் காலிலும் சிவப்பு சொட்ட வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து அலறல் எல்லாம் கமலவேணியம்மாளுடையது. வயலின் மேலே ஏற ஏற அந்தம்மாளும் கூடவே ஏறி, உச்சியில் நின்று ஒரு சுழி சுழித்து இறங்குவாள், சாகிறாளா கச்சேரி பண்ணுகிறாளா என்றே தெரியாது. மனோன்மணி அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்து கூட்டத்துக்குச் சத்தம் கொடுக்கிற வேலையில் இருந்தாள், சந்தை இரைச்சல், கல்யாண வீட்டுப் பேச்சு, ஊர்க்காரர்கள் ஒழிக போடுவது, பத்துப் பேரோடு பதினோராவதாக நின்று கத்திவிட்டு வருவாள். ஒருநாள் அந்தம்மாள் அலறுவதைப் பார்க்கலாம் என்று கதவோரம் நின்றதற்கு ஆள் விட்டு விரட்டினாள். ரொம்ப நல்லது. பிறகு அந்தம்மாளுக்குச் சளி பிடித்த ஒருநாள் கூட்டத்தைப் பார்த்து உங்களில் எவளாவது கத்துவீர்களா என்று மேனேஜர் கேட்டபோது, சுழியும் கிடையாது வயலினும் கிடையாது, கோழியைக் கழுத்தில் மிதித்தது மாதிரி ஒன்று போட்டாள் மனோன்மணி. ரெக்கார்டிங் பண்ணுகிறவர் தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்தார். அத்தோடு கமலவேணி காலம் முடிந்தது. சந்தோஷமா என்று யாரும் கேட்கவில்லை, சந்தோஷம்தான், அதிலென்ன வெட்கம், பசித்தவளுக்கு வெட்கம் எங்கே இருக்கிறது.

அதன்பிறகு வாரம் ஒருத்தி செத்தாள். நர்ஸ் செத்தாள், டைப்பிஸ்ட் செத்தாள், கிளப்பில் ஆடுகிறவள் ஆடி முடித்து மேக்கப் கலைக்கும்போது செத்தாள், டெலிபோனை எடுத்து ஹலோ ஹலோ என்றவள் கேபிள் அறுபட்டதும் செத்தாள், குளிக்கப் போனவர்கள் கணக்கு தனி. எல்லாரும் இவள் தொண்டையில்தான் செத்தார்கள். அலறலுக்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு அதற்குமுன் வாங்குகிற மூச்சு, அதற்குப்பின் விழுகிற முனகல் எல்லாம் சும்மா வேண்டும் என்றான் ஒரு முதலாளி, செத்தவளுக்கு எதுக்கும்மா தனித்தனி ரேட்டு என்று சிரித்தான். மனோன்மணி அலறலைப் பாதியில் வெட்டினாள். வாய் திறந்தபடி நிற்கிறாள் படத்தில் அந்த நர்ஸ், சத்தம் பாதியில் அறுந்து நிற்கிறது, இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டாள், படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். அந்த முதலாளியே இறங்கி வந்து டீக்குக் காசு கொடுத்தான். அன்றிலிருந்து மூச்சுக்கு ஒரு ரேட், அலறலுக்கு ஒரு ரேட், விழுந்தால் ஒரு ரேட், தப்பித்தால் ஒரு ரேட். வாயாடி, ரவுடி, பஜாரி என்று பெயர் வந்தது, வரட்டுமே, நல்லவள் என்று பெயர் வாங்கினவர்களெல்லாம் கூட்டத்தில் பதினோராவது ஆளாகவே செத்துப்போனார்கள். தணிகாசலம் மட்டும்தான் சொல்லுவார், எல்லாத்துக்கும் மல்லுக்கு நிக்காத மனோ, சிலதை விட்டுக் குடுக்கணும் என்பார். அவர் தியேட்டரில் ஆபரேட்டர், படம் ஓட்டுகிறவர், ஆனால் படம் பார்க்கமாட்டார். மெஷின் ரூம் ஓட்டை வழியாக ஜனங்களைப் பார்ப்பார். ராத்திரி வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார், உன் சத்தத்துக்கு இன்னிக்கி பெஞ்சு டிக்கெட்ல ஒருத்தன் ரெண்டு காலையும் தூக்கி மேல வெச்சுக்கினான், ஒரு பொம்பள பக்கத்துல இருந்த யாரோ ஒரு ஆம்பள கையப் பிடிச்சுக்கினா, அவ புருஷன் இந்தப் பக்கம் உட்கார்ந்து இருக்கான். எதிர்த் தியேட்டர்காரன் செய்கிற அக்கிரமத்தையும் சொல்லுவார். புதுப் படம் போட்ட அன்றைக்கு ஆள் அனுப்புவானாம், அந்த ஆள் டிக்கெட் க்யூ நெடுகப் போய்க் கொலைகாரன் டாக்டர்தான், கொலைகாரன் டாக்டர்தான் என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவானாம். அப்படியும் ஜனங்கள் போகமாட்டார்கள், கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சாலும் பரவால்ல, உன் சத்தத்துக்காக உட்காருவாங்க என்பார். பொய். பொய்தான். ஆனாலும் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

மழைக்கோட்டுக்காரன் போய் மறுபடியும் வெங்காயம் வந்தது. ஹவுசிங் போர்டு வீட்டின் மூன்றாவது மாடிக்குக் குடிவந்த புதிதில் முதல்முதலாக அவள் சமையலறை ஜன்னலோரம் நின்று அலறல் சாதகம் செய்த அன்று ஓடி வந்தவர் எதிர் வீட்டு ஜாபர் பாய். பாதி முகத்தில் சவர நுரை, ஒரு கையில் லுங்கியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் விளக்குமாறு, கதவை உதைத்துத் திறந்துகொண்டு நிற்கிறார், எவன்மா, எங்க இருக்கான் என்று கேட்கிறார். அவர் பின்னால் கீழ் வீட்டு இருதயமேரி, அவள் பின்னால் மாடிப்படி முழுக்க ஆட்கள். எத்தனை பேர். அப்போது எத்தனை பேர் வந்தார்கள். மனோன்மணிக்கு என்ன வந்தது தெரியவில்லை, கோபம் வந்தது, தொழில் செய்கிறவளின் வீட்டுக் கதவை உதைக்க நீ யார் என்று பாயைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். பாய் நுரை காய்ந்த முகத்தோடு எதிர் வீட்டுக்குத் திரும்பிப் போனார். அப்புறமும் யாராவது வருவார்கள், யாராவது தட்டுவார்கள், குழந்தை தூங்குகிறது என்பார்கள், மாமியாருக்குப் படபடப்பு என்பார்கள். அவள் மொட்டை மாடியில் எல்லாரையும் கூட்டினாள். வாழ்க்கையில் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறாள், அதைப் போல ஒன்று முடித்ததில்லை. காலைச் சமையலுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் நான் கத்துவேன், கொலை விழுந்த மாதிரி கத்துவேன், ஒருத்தரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஒருத்தரும் கதவைத் தட்டக் கூடாது, பதிலுக்கு அந்த நேரம் தவிர வேறு நேரத்தில் என் வீட்டிலிருந்து ஒரு பாத்திரச் சத்தம் வந்தால் கேளுங்கள் என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். பாயும் ஆட்டினார். பேரத்தில் ஜெயித்த அன்று அவள் எப்போதும் செய்வது போலக் கேசரி கிண்டினாள், தணிகாசலம் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அவர் அப்படித்தான்.

கதவு திறந்தது, திரையில் இல்லை, நிஜமாகவே. டைரக்டர் தம்பி நிவாஸ் வந்துவிட்டான், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு காலைத் தொடுகிறமாதிரி பாவனை செய்தான், பின்னாலேயே தீக்ஷிதா என்கிற உதவி டைரக்டர் பெண், கையில் ஒரு பேடு. நீங்க லெஜண்டும்மா என்றான். லெஜண்ட் என்றால் வேலை கொடுக்கமாட்டார்கள் என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். அவன் படத்தின் முதல் காட்சியே நம் ஊர் த்ரில்லரின் வரலாறாம், பங்களாவிலிருந்து ஆரம்பித்து, கையுறை, டெலிபோன், வெடிகுண்டு, கம்ப்யூட்டர் என்று ஒவ்வொரு காலமாக ஓடி வந்து இந்தச் சமையலறையில் நிற்குமாம், அதற்குள் ஓடுகிற சத்தம் எல்லாம் இவளுடையதாம். அவன் கை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது மனோன்மணி அந்த வரலாற்றைத் தன் கழுத்தில் தடவிப் பார்த்துக்கொண்டாள். வெடிகுண்டு காலம் வந்தபோது பெண்களைக் கொல்வதை நிறுத்திவிட்டுக் கட்டடங்களைக் கொன்றார்கள், வேலை பாதியானது. அப்புறம் கொலைகாரனுக்குக் கதை வந்தது. சின்ன வயதில் அவனை யாரோ அடித்தார்களாம், அவன் அம்மா ஓடிப்போனாளாம், அதனால் அவன் கொல்கிறானாம், அரைமணி நேரம் அவனுக்காகப் பாட்டு வேறு. செத்தவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. இந்தத் தம்பியின் பேப்பரிலும் பார்த்தாயிற்று, விக்டிம் த்ரீ. இப்போது அலறலும் வேண்டாம் என்கிறார்கள், மூச்சு மட்டும் போதும்மா, கொஞ்சம் ரியலா என்கிறார்கள், அடிவயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு மூடிவிடுகிறார்கள். அலறல்தான் வேண்டும் என்றாலும் இவள் எதற்கு, எண்பதுகளில் இவள் போட்ட ஒரு அலறல் எவன் கையிலோ சிக்கி எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. டிவி சீரியலில் மாமியார் மாடிப்படியில் உருளும்போது அது, கரப்பான்பூச்சி மருந்து விளம்பரத்தில் அது. சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது தன் சாவைத் தானே கேட்கிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். டப்பிங் சங்கத்தில் போய்ச் சண்டை போட்டாள், உங்க குரல்னு எப்படிம்மா நிரூபிப்பீங்க என்றார்கள். இருபத்தைந்து வயதுத் தொண்டை ஒன்று சாகாமல் சுற்றிக்கொண்டு இந்தக் கிழவியின் சோற்றில் கை வைக்கிறது, சக்களத்தி இருந்திருந்தால்கூட முடியைப் பிடித்திருக்கலாம்.

நிவாஸ் தம்பி ஃபெலிக்ஸிடம் போய் ஏதோ கேட்டான், லெவல் பார்க்கிறார்களாம், கொஞ்சம் பொறுங்கம்மா. பொறுக்கிறேன். வெங்காயம். அன்றைக்குத் தணிகாசலம் மோரில் உப்புப் போட்டுக் கேட்டார். புளி கொதிக்கிறது, இருங்க என்றாள். நெஞ்சுல ஏதோ அடைக்குது மனோ என்றார். நேத்து ராத்திரி அந்தப் பரோட்டாவைத் தின்னாதீங்கன்னு சொன்னேன் இல்ல என்றாள். கடைசியாக அவரிடம் பேசிய பேச்சு பரோட்டா. பிறகு கூடத்துக்கும் பாத்ரூமுக்கும் நடுவிலிருந்து ஒரு சத்தம், அரிசி மூட்டையைப் போட்ட மாதிரி. போன் பண்ணினாள், ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்கள், வந்தும் விட்டது, தெருமுனையில் நிற்கிறது, உள்ளே நுழைய முடியாதபடி எவனோ லாரியில் செங்கல் இறக்குகிறான். ஸ்ட்ரெச்சர் அந்தப் படிக்கட்டில் திரும்பாது. நாலு ஆள் பிடித்தால் ஒரு நிமிஷ வேலை. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு மனுஷனைத் தூக்க நாலு ஆள். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அலறினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். பாயைக் கூப்பிட்டிருக்கலாம், மேரி என்று கத்தியிருக்கலாம், வாங்க என்று ஒரு வார்த்தை. வார்த்தை வரவில்லை. அலறல் வந்தது. எப்படி வந்தது? இதுதான், இந்த இடத்தில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது, எத்தனை முறை ஓட்டினாலும் இங்கேதான் துள்ளுகிறது. மூச்சை வாங்கி, அடிவயிற்றில் நிறுத்தி, தொண்டையைத் திறந்து, மேலே ஏற்றி, உடைத்து, முனகலில் முடித்து, எல்லாம் ஒழுங்காக வந்தது, அட்சரம் பிசகாமல் வந்தது, புருஷன் தரையில் கிடக்கும்போது. நாற்பது வருஷம் ஒரே வழியில் போன வண்டிக்கு வேறு வழி தெரியவில்லை. திரும்பவும் அலறினாள், திரும்பவும் அதே. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருக்கிற நேரம். எதிரே பாய் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. புளி அடிப்பிடித்து நாற்றம் வந்தது. கடைசியில் ஆம்புலன்ஸ் ஆட்கள் தாங்களே தெருவைத் தாண்டி மேலே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். காரியத்துக்கு வந்த இருதயமேரி இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சொன்னாள், நிஜத்துக்கும் பொய்க்கும் வித்தியாசமே தெரியலக்கா, அவ்ளோ தத்ரூபமா இருந்துச்சு. எத்தனை டைரக்டர்களிடம் இந்த வார்த்தைக்காக நின்றிருக்கிறாள். ஒருத்தனும் சொன்னதில்லை. பாய் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை, யாரையும் பார்க்கவில்லை. அவருக்குக் கேட்டதா? கேட்டும் வராமல் இருந்தாரா? பழைய திட்டுக்காக இருந்தாரா? இல்லை, மேரி சொன்னதுதானா? இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் கொன்றார்கள். தெரியவில்லையென்றால் மொட்டை மாடியில் கூட்டம் போட்டவள் கொன்றாள். பதினோரு மாதமாக இதையே நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

போகலாமாம்மா என்றான் ஃபெலிக்ஸ் மைக்கில். தீக்ஷிதா எழுந்து அந்தத் தடித்த மெத்தைக் கதவைச் சாத்தப் போனாள். அதைச் சாத்தினால் உலகம் அற்றுப்போகும், வெளியே தெருவில் ஆர்க்காடு ரோட்டுக்குத் திரும்புகிற ஆட்டோ ஹார்ன், ஜெனரேட்டர், இளநீர் வெட்டுகிற சத்தம் எல்லாம் கத்தியால் வெட்டினது போல நின்றுவிடும். உள்ளேயும் அப்படித்தான், உள்ளே ஆள் செத்தாலும் வெளியே தெரியாது, அதற்காகத்தானே காசு போட்டுக் கட்டினார்கள். அந்தக் கணத்தில்தான் மனோன்மணிக்கு அது தோன்றியது, இல்லை, வீட்டிலிருந்து கிளம்பும்போதே தோன்றியிருக்கிறது, ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தெருவில் அவளை யாருக்கும் தெரியாது. இங்கே யாரோடும் பேரம் பேசவில்லை.

"கதவு திறந்து இருக்கட்டும்" என்றாள்.

ஃபெலிக்ஸ் சிரித்தான். தெருச் சத்தம் மொத்தமும் உள்ளே வரும்மா, ஒன்றுக்கும் உதவாது என்றான். மூச்சு அடைக்கிறது, மூடின ரூமில் இப்போதெல்லாம் நிற்க முடியவில்லை என்றாள். ஏசியைக் கூட்டுகிறேன் என்றான். ஏசியைக் கூட்டினால் தொண்டை கட்டும் என்றாள். நிவாஸ் தம்பி நடுவில் வந்து, கதவுக்குப் பக்கத்தில் தீக்ஷிதா நிற்பாள், கஷ்டமாக இருந்தால் உடனே திறந்துவிடுவாள் என்று கெஞ்சினான். பழைய சூடு எங்கிருந்தோ கால் வழியாக ஏறி வந்தது, பதினோரு மாதத்துக்கு அப்புறம், நல்லாத்தான் இருந்தது. அவள் ஸ்டூலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள். அந்தத் தேடலின் அர்த்தம் இந்தக் குழந்தைகளுக்குத் தெரியாவிட்டாலும் தம்பியின் முகம் வெளுத்தது, அவன் படத்தின் வரலாறு செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது.

"ஒரு டேக் திறந்து வெச்சு. அது எனக்கு. அப்புறம் மூடிட்டு ஒரு டேக், அது உனக்கு. ரெண்டாவதுக்கு ஒண்ணும் கேக்கமாட்டேன்."

ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே வினோதமாக இருந்தது. தணிகாசலம் கேட்டிருந்தால் கிண்டல் பண்ணியிருப்பார். ஃபெலிக்ஸ் தோளைக் குலுக்கினான். கதவைத் திறந்து, அதற்கு வெளியே இருந்த இன்னொரு கதவையும் திறந்து, படிக்கட்டுப் பக்கத்து ஜன்னலையும் இவளே போய்த் திறந்தாள். தெரு உள்ளே வந்தது. வெயில், டீசல் நாற்றம், யாரோ யாரையோ ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுகிறான். அவள் மைக்குக்குத் திரும்பி வந்தாள். வெங்காயம். கதவு. மழைக்கோட்டு. அந்தப் பெண் திரும்பினாள், கண்கள் விரிந்தன, வாய் திறந்தது, மனோன்மணி மூச்சை வாங்கினாள், வராது, வராது என்று நினைக்கும்போதே அடிவயிற்றில் அது காத்திருந்தது, பதினோரு மாதமாக அங்கேயே நின்றிருந்த வண்டி, அது கிளம்பியது, தொண்டை திறந்தது, மேலே ஏறியது, உடைந்தது, முனகலில் இறங்கியது. அதே. அட்சரம் பிசகாமல் அதே. கூடத்துக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் நின்று போட்டதே. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

படிக்கட்டில் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. செருப்பு ஒற்றைக் காலில்தான் இருக்கிறது, டப், பிறகு வெறுங்கால், டப், வெறுங்கால். கண்ணைத் திறந்தபோது வாசலில் இளநீர்க்காரன் நிற்கிறான். நாற்பது வயது இருக்கும், சட்டை முழுக்கத் தண்ணீர், மூச்சு இரைக்கிறது, கையில் இளநீர் வெட்டுகிற அரிவாள். கதவோரம் நின்றிருந்த தீக்ஷிதா அரிவாளைப் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள். அலறல் இல்லை அது. விக்கலுக்கும் இருமலுக்கும் நடுவில் அறுந்த ஒரு சின்னச் சத்தம், அழகே இல்லாதது, நோயாளிக் குழந்தை போடுவது மாதிரி. அவ்வளவுதானா. நிஜம் அவ்வளவுதானா. மனோன்மணிக்கு அந்தப் பெண் மேல் பொறாமை வந்தது.

"என்னாச்சும்மா, யாரு, எங்க கீறான்" என்று இளநீர்க்காரன் ரூம் மூலையெல்லாம் பார்த்தான். ஃபெலிக்ஸ் எழுந்து வந்து யோவ் வெளிய போய்யா, டப்பிங் நடக்குது, டேக்கைக் கெடுத்திட்ட என்று கத்தினான். இளநீர்க்காரனுக்குப் புரிய நேரம் பிடித்தது. திரையைப் பார்த்தான், மைக்கைப் பார்த்தான், மனோன்மணியின் நரைத்த தலையைப் பார்த்தான். அரிவாளைக் கீழே தாழ்த்தினான். பிறகு அசட்டுச் சிரிப்பு சிரித்தான், வண்டிய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன், கல்லாப்பெட்டி தொறந்து கிடக்குது என்றான். பாய் நின்ற மாதிரியே நின்றான். நுரைதான் இல்லை.

வந்துவிட்டான். பேர் தெரியாத ஒருத்தன், கல்லாவைத் திறந்து போட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு. அலறலில் ஒரு குறையும் இல்லை. கேட்டவன் வருவான், தடை போட்டிருக்காவிட்டால் வருவான். இரண்டில் எது என்று இத்தனை மாதம் நறுக்கினது துண்டாகித் தடை போட்டவள் பக்கம் விழுந்துவிட்டது. அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டும் இவனிடம், அன்றைக்குப் பாயிடம் சொல்லாததை, படிக்கட்டு முழுக்க நின்றவர்களிடம் சொல்லாததை.

"நல்லதுப்பா, வந்தியே" என்றாள். "இன்னொரு நாள் கேட்டாலும் வா. எப்பக் கேட்டாலும் வா."

அவன் இன்னும் பெரிதாகச் சிரித்தான். எல்லாம் தெரிந்துகொண்டவனின் சிரிப்பு. "அட போம்மா. இன்னாத்துக்கு வரணும், அதான் இப்ப தெரிஞ்சுபோச்சில்ல" என்றான். "கீழ எல்லாருகிட்டயும் சொல்லிட்றேன், இனிமே ஒருத்தனும் வரமாட்டான், நீ தைரியமா கத்து."

தீக்ஷிதா கதவைச் சாத்தினாள். ஆட்டோ ஹார்ன் நின்றது, தெரு நின்றது. மெத்தைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு, அவன் போகவில்லை, எப்படித்தான் செய்கிறாள் பார்ப்போம் என்று அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். ஃபெலிக்ஸ் ரெடிம்மா என்றான். பேசினது பேசினதுதான், இரண்டாவது டேக் கடன். திரையில் அந்தப் பெண் காலி அடுப்புக்கு முன்னால் வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள், கதவு திறந்தது, அவள் திரும்பினாள். மனோன்மணி கண்ணாடியில் இருந்த முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தாள், மூச்சு, ஏற்றம், உடைப்பு, முனகல், எதையும் மிச்சம் வைக்காமல் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காதவன் அவள் வாய் மூடும்வரை பார்த்திருந்துவிட்டு, அரிவாளைக் கக்கத்தில் இடுக்கி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.